எழுந்ததை யார் பார்த்தது?

லண்டன்
3-9-1973

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவுக்கு மூச்சிரைப்பு குறைந்ததா? தொலைக்காட்சித் தொடரில் நடிக்கிறேனே, இப்போது தெருவில் பிள்ளைகள் என்னைப் பார்த்துக் கை காட்டுகிறார்கள். காலத்தில் முன்னும் பின்னும் போய்வரும் ஒரு கிழவருக்கு நான் துணை. நான் நடிக்கும் அந்தப் பெண் யார், எந்தக் காலத்தவள் என்று அவருக்கே தெரியாது. அவளுக்கு என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் யாரிடமும் சொல்லக் கூடாதென்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். கோபிக்காதீர்கள்.

அன்பு மகள்,
அம்சவேணி

காஞ்சிபுரம்
20-10-1973

அன்பு மகள் அம்சாவுக்கு ஆசிகள்.

தேர்வுக்கு முன் கேள்வித்தாளைக் காட்டாத வாத்தியார் நான். எனக்கேது கோபம்? ஆனால், லண்டனிலிருந்து லீவில் வந்திருக்கும் எதிர்வீட்டுக் கைலாசம் நேற்று, "உங்க பொண்ணு லண்டன்ல செத்துப்போச்சு பெரியம்மா, கண்ணால பார்த்தேன்" என்று சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை. தொடரின் கதையில்தான் என்று பிறகு அவன் கெஞ்சியும் பயனில்லை. பள்ளி நாடகத்தில் செத்த பையன் திரை விழுந்ததும் எழுந்து ஓடவில்லையா, அதுபோலத்தான் என்றேன். "அவன் எழுந்துக்கினதை நான் பார்த்தேன். இவ எழுந்துக்கினதை யார் பார்த்தாங்க?" என்கிறாள். சாவு கேட்டவளாய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறாள். உடனே எழுது.

அப்பா,
மயில்வாகனம்

லண்டன்
1-11-1973

அம்மா,

நான் நன்றாக இருக்கிறேன்மா. தொடரில்கூட அவள் சாகவில்லை, தை மாதம் திரும்பி வருகிறாள். இதைச் சொன்னதே தவறு. படப்பிடிப்பு முடிந்ததும், பொங்கலுக்கு மறுநாள் புறப்படுகிறேன்.

உன் அம்சா

காஞ்சிபுரம்
14-11-1973

அம்சா,

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அம்மா கையில் வாங்கிப் பார்த்தாள். "நல்லாத்தான் எழுதிக்கினு வந்திருக்கீங்க" என்று திருப்பித் தந்தாள். உனக்கு எழுத்துப் பழக்கியவன் நான். நம் இருவர் எழுத்தும் ஒன்றுபோல இருப்பது இப்படி வினையாகும் என்று நினைக்கவில்லை.

நேற்று உனக்குப் படையல் போட்டாள். உன் கல்யாணத்துக்கென்று எடுத்த அரக்குப் பட்டுப்புடவையை மடித்து வைத்து, அவரைக்காய்க் குழம்பும் வடையும் படைத்தாள். என்னையும் சாப்பிடச் சொன்னாள். நீ உயிரோடு இருக்கிறாய் என்று தெரிந்தே சாப்பிட்டேன் அம்சா.

மூச்சிரைப்பு அதிகமாகிவிட்டது. உன்னை நேரில் பார்த்தால்தான் நம்புவாள். பொங்கல் வரை காத்திருக்க வேண்டாம். உடனே வா.

அப்பா

லண்டன்
26-11-1973

அப்பா,

கெஞ்சிக் கேட்டுவிட்டேன். டிசம்பர் இருபதாம் தேதி விடுகிறார்கள், அன்றே கிளம்புகிறேன். அதுவரை அம்மாவை இருக்கச் சொல்லுங்கள்.

அம்சா

காஞ்சிபுரம்
8-12-1973

அன்பு மகளுக்கு,

அம்மா நேற்று விடியலில் காலமாகிவிட்டாள். நீ இருபதாம் தேதி வருகிறாய் என்று காதருகே சொன்னேன். தலையசைத்தாள், எனக்காகத்தான். பிறகு, "அம்சா அங்க தனியா இருக்குது. நான் போய்ப் பார்த்துக்கிறேன்" என்றாள். முகத்தில் பயமே இல்லை.

வேலையை முடித்துக்கொண்டே வா அம்சா. இனி அவசரம் இல்லை.

அப்பா