கதவைப் பார்த்த வரி

என் செல்விக்கு,

நேற்று உன் பிறந்தநாள். உன் முகநூல் பக்கத்தில் நிறையப் பேர் வாழ்த்தியிருக்கிறார்கள். ‘நூறாண்டு வாழ்க கவிஞரே’ என்று ஒருவர். நீ இறந்த செய்தியை அதே பக்கத்தில் நான்தான் போட்டேன். அதற்கும் அவர் விருப்பக்குறி இட்டிருந்தார். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். நானும் சிரித்தேன். பிறகு யோசித்தேன். எல்லாரும் இப்படி உடனே மறந்துவிடுவார்கள் என்றால் எனக்கு நல்லதுதான். ஏன் என்று சொல்கிறேன்.

நம் ஏற்பாடு நினைவிருக்கிறதா? எழுதிய கவிதையை முதலில் உனக்கு அனுப்புவேன். நீ கரோல் பாகில் மெட்ரோ ஏறி வீட்டுக்குப் போகும் வழியில், அதை உன் குரலில் படித்துத் திருப்பி அனுப்புவாய். பாராட்டு கிடையாது, திருத்தம் கிடையாது. வெறும் வாசிப்பு. என் வரியை உன் திருநெல்வேலிக் குரலில் கேட்கும்போது எங்கே எனக்குக் காது கூசுகிறதோ அங்கே அடித்துவிடுவேன். “நான் என்னட்டி சொல்லுதது, ஒனக்கே தெரியும்லா” என்பாய். வரிகளுக்கு நடுவே, கதவு இடதுபக்கம் திறக்கும் என்று இந்தியில் அறிவிப்பு ஓடும். ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட, மூச்சு வாங்கிக்கொண்டே படித்து அனுப்பினாய்.

நீ போனபின் என் கவிதைகள் எனக்குத் திரும்பி வருவதில்லை. எழுதியதும் நேரே போட்டுவிடுகிறேன். தில்லியில் தமிழில் எழுதுவதே ஒரு மறைவு என்று நம்பியிருந்தேன். ஜனக்புரியில் எங்கள் மாடிப்படியில் இருக்கிற யாருக்கும் தமிழ் தெரியாது. கட்டியவன் ரகு, தலைப்பைத் தாண்டிப் படிக்கமாட்டான். மகள் குட்டி தமிழ் பேசுவாள், பாதி இந்தியில். ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. அதற்காக ஊருக்குப் போகும்போதெல்லாம் வெட்கப்படுகிற நான்தான், உள்ளுக்குள் அதை ஒரு பூட்டாகவும் வைத்திருந்தேன்.

அந்தத் தைரியத்தில்தான் அந்தக் கவிதையைப் போட்டேன். குட்டியை அவள் நிஜப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தொடங்குவது. அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, உனக்குத் தெரியும். அதில் ஒரு வரி: ‘நீ பிறந்த அன்று, உன் முகத்தைப் பார்க்கும் முன் நான் கதவைப் பார்த்தேன்.’

எங்கெங்கோ இருக்கிற பெண்கள் அந்த வரியை எடுத்துப் பகிர்ந்தார்கள். பிள்ளை தூங்கியபின் குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் அழுததை ஒருத்தி எனக்குத் தனியாக எழுதினாள். பொய் சொல்லமாட்டேன், சில நாள் மிதந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிய, நான் போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு யாரோ ஒரு பெண் அதை ஏற்ற இறக்கத்தோடு படித்து, பின்னால் வீணையை ஓடவிட்டு ரீல் செய்துவிட்டாள். வழியில் எங்கேயோ என் பெயர் விழுந்துவிட்டது. ரகுவின் சித்தப்பா அதைக் குடும்பக் குழுவில் போட்டு, ‘இந்தக் காலத்துத் தாய்மார்கள். எழுதியவர் யாரோ’ என்று கீழே குறிப்பும் எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை இட்லி சாப்பிட்டுக்கொண்டே ரகு அதைச் சத்தமாக ஓடவிட்டான்.

என் வரி வேறொரு குரலில் திரும்பி வந்தது, செல்வி. உன் குரல் இல்லை. ஆனாலும் காது கூசியது. எழுத்தைப் பூட்டிவைத்தவள் குரலை மறந்துபோனேன். படிக்கத் தெரியாத பிள்ளைக்குக் கேட்கத் தெரியாதா?

“பாப்பா, என் பேரு சொல்றாங்க,” என்றாள் குட்டி, அப்பாவை இந்திப் பிள்ளைகள் மாதிரிக் கூப்பிட்டு. ரகு என்னைப் பார்த்தான். புரிந்துவிட்டது அவனுக்கு, போனைக் கவிழ்த்து வைத்தான்.

நீ எழுதினதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

“எதுக்கு டோரைப் பாத்தே? எங்கயாச்சும் போறதா இருந்தியா?”

“செல்வி பெரியம்மா வராளான்னு பாத்தேன்டா.” சொல்லும்போதே என் கண் தானாக எங்கள் வாசல் கதவுக்குப் போனது. அவளும் திரும்பி அதைப் பார்த்தாள்.

“வந்தாங்களா?”

“வந்தா. பிளாஸ்க்ல ரசம் கொண்டுவந்தா.”

“அச்சா,” என்றுவிட்டு மீதி இட்லியைத் தின்றாள்.

ரசம் உண்மை. நீ வந்ததும் உண்மை. அன்று ரகு வெளியூரில், அம்மா இன்னும் ரயிலில். அந்த ஆஸ்பத்திரி அறையில் நானும் பிறந்த பிள்ளையும் மட்டும். நான் கதவைப் பார்த்தது நீ வருவாய் என்றா, எழுந்து போய்விடலாம் என்றா? உள்ளே நுழைந்தபோது என் முகத்தைப் பார்த்தவள் நீ ஒருத்திதான். எதுவும் கேட்காமல் பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, “நீ ஒறங்குட்டி, நான் பாத்துக்கிடுதேன்” என்றாய். என் முகத்தில் என்ன பார்த்தாய் என்று நான் உன்னிடம் கேட்கவே இல்லை. இனி யாரிடம் கேட்பது?

கவிதையை என் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன். ரீல் போட்ட பெண்ணிடமும் எடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். ‘உங்க வலிக்குத்தானே அக்கா குரல் கொடுத்திருக்கேன்’ என்று ஒரு இதயக்குறியோடு பதில் வந்தது. இன்னும் எத்தனை போன்களில் கிடக்கிறதோ. வளர்ந்தபின் ஏதோ ஒரு நாள், என்மேல் கோபமாக இருக்கும்போது, அது குட்டி கையில் சிக்கினால்? எழுதாமலே இருந்திருக்கலாம். அப்படியென்றால் குழாயைத் திறந்துவிட்டு அழுதவளுக்கு அந்த வரி போய்ச் சேர்ந்திருக்காதே. ஒரே வரி, செல்வி. அவளுக்கு மருந்தானது இவளுக்கு ஏன் இப்படி ஆகவேண்டும்?

இப்போதெல்லாம் நான் குப்பை போடக் கீழே இறங்கினாலும் குட்டி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஜல்தி வா என்கிறாள், சிரித்துக்கொண்டேதான். ஆனால் நான் மேலே ஏறி வரும்வரை அந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை.

இந்தக் கடிதத்தை வெளியே அனுப்பும் முன் ரகுவை உட்காரவைத்துச் சத்தமாகப் படித்தேன். ஒரு இடத்தில், “இது வேணாம், இது குட்டியோடது” என்றான். அந்த இடம் இப்போது இதில் இல்லை. இனி இந்த வீட்டுக்குள் என் குரலில் ஒலிக்காத எதுவும் வெளியே போகாது. இது உனக்கு நான் தரும் வாக்கு.

இன்னொன்றும் உண்டு. அவள் மறுபடி கேட்பாள். எனக்குத் தெரியும், ரசத்தோடு விடுகிற பிள்ளை இல்லை அவள். அன்றைக்கு இரண்டையும் சொல்வேன், உன்னை எதிர்பார்த்ததையும் மற்றதையும். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். கதவைப் பார்க்காமல்.

உன்னைப் பெரியம்மா என்று கூப்பிட்டவளின் அம்மா,
உன் தங்கச்சி