அழாமல் தும்மியவள்

மாதா துணை

என் தங்க மகள் நிலூக்காவுக்கு, வென்னப்புவையிலிருந்து அம்மா ஆயிரம் முத்தங்களோடு சொல்லி எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நாயும் சுகம், மிலானில் நீயும் ருவனும் வயிற்றில் உதைக்கிறவரும் சுகமாக இருக்க மாதாவைத் தினமும் நச்சரிக்கிறேன். கையெழுத்து தங்கச்சியுடையதாக இருக்கிறதே என்று பயப்படாதே, கொக்கிஸ் பலகாரம் சுடும்போது எண்ணெய் தெறித்து என் வலது கையில் கட்டு, வேறொன்றுமில்லை. காலையில் மெர்லின் அக்கா உங்கள் ஊருக்கு விமானம் ஏறுகிறாள், அவளிடம் கொடுத்துவிட வேண்டும், அதனால் அப்பா படுத்த பிறகு சமையலறை விளக்கைத் தாழ்த்திவைத்து நான் சொல்லச் சொல்ல இவள் எழுதுகிறாள். புத்த விகாரைக்குப் போகிறவனைக் கட்டிக்கொண்டு போனவளுக்கு இந்த வீட்டிலிருந்து ஒரு வரி போகக்கூடாது என்று அப்பா சொன்னதை நினைத்து, நாய் குரைத்தால்கூடக் காகிதத்தைப் பாவாடைக்குள் ஒளிக்கிறாள். (அக்கா, அம்மா சிரிக்கிறா. மாட்டினா அடி எனக்குத்தான். திஸ்னா.)

குழந்தை அழாமல் கிடப்பதுபோல் கனவு வருகிறது, தண்ணீருக்குள் இருந்தது எப்படி ஒரு நொடியில் மூச்சு விடப் பழகும், தூக்கமே இல்லை என்று எழுதியிருந்தாய். கேள். போன வாரம் பக்கத்து வீட்டு ஷிராணிக்கு ஆஸ்பத்திரி வண்டி வருமுன்னே வீட்டிலேயே பிறந்துவிட்டது, மருத்துவச்சி மிஸ்ஸி சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு ஓடி வந்தாள். பையன் நீலமாகச் சத்தமில்லாமல் கிடந்தான், மாமியார் அக்னஸ் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி முதுகில் ஒன்று வைக்கப் போனாள். மிஸ்ஸி போட்டாளே ஒரு சத்தம், ஏய் அக்னஸ், அது என்ன பாரை மீனா, வாலைப் பிடித்துத் தூக்கி விலை சொல்ல, கீழே வை என்று. துணியால் அழுத்தித் துடைத்தாள், முதுகைத் தேய்த்தாள், அவ்வளவுதான், ஒரு விக்கல், ஒரு இழுப்பு, பிறகு உடம்பெல்லாம் ரோஜா நிறம். அழவே இல்லை, அழாவிட்டால் என்ன, மூச்சு வருகிறதா பார் என்று ஷிராணியின் நெஞ்சில் போட்டுவிட்டாள்.

அப்புறம் தேநீர் குடித்துக்கொண்டே சொன்னாள், வயிற்றுக்குள் கொடிதான் பிள்ளைக்காக மூச்சு விடுகிறதாம், நுரையீரலில் அதுவரை தண்ணீர்தானாம். வலி தொடங்கும்போதே அந்தத் தண்ணீர் வற்றத் தொடங்கும், வெளியே வந்ததும் குளிர் பட்டு உடம்பு திடுக்கிட்டுக் காற்றை இழுக்கும், மிச்சத் தண்ணீரை உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். புது பலூனில் முதல் ஊதுதானே கஷ்டம், அப்படித்தான் முதல் மூச்சும். தாமதமானால் மூச்சுக் கொடுத்து உதவ அங்கே டாக்டர்கள் இருக்கிறார்கள். நீ கற்றுக்கொடுக்க ஒன்றுமே இல்லை மகளே, நீயும் ஒருநாள் இப்படித்தான் வந்தாய், வந்ததும் வீல் என்று கத்தினாய்

அக்கா, இந்த இடத்தில் மை கொட்டியது என்னால்தான். உள்ளறை இருட்டிலிருந்து அப்பாவின் குரல், பொய் சொல்லாதே மேரி, அவள் எங்கே கத்தினாள், விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது நான், தும்மினாள், என் முகத்திலேயே தும்மினாள் என்று. முதலிலிருந்தே தூங்காமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்!

இனி மறுபடி அம்மா. மனிதர் எழுந்து வந்து பெட்டியைக் குடைந்தார், துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன, தான் இடுப்பில் கட்டுகிற பழைய சாரம் ஒன்றை எடுத்து மேசையில் போட்டார். புதுத் துணி ஈரத்தை இழுக்காது, அங்கே குளிர் வேறு, மெர்லின் பையில் இடம் இருக்கிறதா கேள் என்றார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். இது பிள்ளையைத் துடைக்க மட்டும், நான் மன்னித்துவிட்டதாக எழுதிவிடாதே என்றார். சரி, நான் எழுதவில்லை.

சாரத்தை வெந்நீரில் அலசிவை, மறந்துவிடாதே. மாதா உன்னையும், ருவன் கும்பிடுகிற சாமி அவனையும் காக்கட்டும். மூச்சு வந்த செய்தியை முதலில் அப்பாவுக்கு எழுது.

அன்புள்ள அம்மா,
மேரி

(அடி விழவில்லை அக்கா. திஸ்னா.)