குரல் வராத கேசட்

டயகம,
12.6.2002

அன்புள்ள பூரணிக்கு,

குவைத்திலிருந்து நீ அனுப்பிய கேசட் கிடைத்தது. எப்போதும் போல தோட்டத்து லய வீடுகளின் சனம் முழுக்க நம் வாசலில் கூடிவிட்டது. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி நலம் கேட்பாய் என்று காத்திருந்தோம். வெறும் கிட்டார். பிறகு டிரம். பாட்டுமில்லை, பேச்சுமில்லை. மறுபக்கமும் அதே கூத்து.

"என்னடா மூர்த்தி, ஒம் பொண்டாட்டி ஊமையாயிட்டாளா?" என்று செல்லசாமி கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள், என் மானம் போயிற்று. நம் பாப்பா மட்டும் "அம்மா எப்பப்பா பேசுவாங்க?" என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆவணியில் ஒப்பந்தம் முடிகிறது. வீட்டுக்கு வருகிறாயா, இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுகிறாயா? அதையாவது வாய்திறந்து சொல்லியிருக்கலாம்.

கணேசமூர்த்தி

குவைத்,
3.7.2002

அன்புள்ள மாமா,

கோபப்படாதீர்கள். பேசத்தான் உட்கார்ந்தேன். லயத்துச் சனமே கூடிக் கேட்கும்போது "நான் நல்லா இருக்கேங்க" என்பதைத் தவிர என்ன சொல்ல முடியும்? அதனால்தான் பேசாமல் அந்த இசையை அனுப்பினேன்.

நான் வேலை செய்கிற வீட்டுக்காரர் மகள் கேட்கிற கேசட்டிலிருந்து பதிந்தது அது. நாலு பேர் வாசிக்கிறார்களாம், வாயே திறக்கமாட்டார்களாம். மெல்லத் தொடங்கி, நம் மலையில் மழை இறங்குகிற மாதிரிப் பெருத்து, அப்படியே அடங்கிவிடும். வெள்ளிக்கிழமை எல்லாரும் வெளியே போனதும் உடுப்பு அயன் பண்ணிக்கொண்டே கேட்பேன். முதல் தடவை அயன் பெட்டியை அணைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீங்களும் ஒருமுறை தனியாகக் கேளுங்கள். என்ன தோன்றியதென்று எழுதுங்கள். கையெழுத்து விஷயத்தைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் பூரணி

டயகம,
23.7.2002

பூரணி,

ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கோயிலுக்கு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். முதலில் எரிச்சல்தான் வந்தது. அந்தக் கிட்டார் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. டிரம் வந்து சேர்ந்ததும் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். அழுதுவிட்டேன், புள்ள. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

அடிப்பாவி, இவ்வளவு வேதனையை வைத்துக்கொண்டா நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன் என்றாய்? இங்கேயும் அப்படித்தான். அம்மா சோறு போட்டு வைக்கிறது, தின்றுவிட்டுப் படுக்கிறேன். மனம்விட்டுப் பேச ஆளில்லை.

கையெழுத்துப் போடாதே. நீ அனுப்புகிற காசு இல்லாமல் வீட்டுச் சுவர் பூசாமலே கிடந்தாலும் கிடக்கட்டும். வந்துவிடு.

உன் கணேசமூர்த்தி

குவைத்,
14.8.2002

அன்புள்ள மாமா,

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நீங்கள் எனக்கு இப்படி எழுதியதே இல்லை. வாசித்து அழுதேன்.

ஆனாலும் மாமா, நான் வேதனையில் அதை அனுப்பவில்லை. அது ஓடும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கும். விடிந்தால் பேர் பதிகிற பெரட்டுக்கு ஓடி, கொழுந்து பறித்து, வந்து அடுப்பு மூட்டி, பிள்ளை, அத்தை என்று கிடந்தவளுக்கு, யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம் இங்கேதான் கிடைத்தது. அதைத்தான் உங்களுக்குக் காட்ட நினைத்தேன். அதில் உங்களுக்கு அழுகை கேட்டதென்றால், அது உங்களுடையது. கூடவே இருந்தும் அது எனக்குத் தெரியாமல் போயிற்று.

பாப்பாவை நினைக்காத நாளில்லை. பக்கத்து வீட்டு ராசம்மா அக்காவிடம் சொல்லி அவளுக்குத் தினமும் தலை பின்னிவிடச் சொல்லுங்கள்.

நேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். யாரும் போடச் சொல்லவில்லை.

பூரணி