பக்கத்தில் நிற்பவள்

யாஷ்விட்ஸ்,
11 ஜனவரி 2009

அன்புள்ள பெத்ரோனாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். நான் ஒருவன்தான் சுகமில்லை. ரயில்பாதை விடுதியில் வழிப்போக்கர்களுக்குச் சமைக்க ஆளில்லை, இரண்டு வாரம் போய்வருகிறேன் என்று பலேன்கே போனவள் நீ. கிறிஸ்மஸும் முடிந்துவிட்டது.

மனைவி பக்கத்தில் நிற்காத திருத்தொண்டனை நம் ஊர் பீடத்தில் ஏற்றாது என்பது உனக்குத் தெரியாததா? என்னைத் திருத்தொண்டனாக்க ஆயர் என் தலையில் கை வைத்தபோது உன் கையும் என் தோளில் இருந்தது. போன ஞாயிறு ஒரு குழந்தைக்குத் திருமுழுக்கு. வேறு வழியில்லாமல் என் அக்காவை மெழுகுவர்த்தியோடு பக்கத்தில் நிறுத்தினேன். பின்வரிசையில் ஒருவன், "என்னப்பா, அக்காளையே கட்டிக்கிட்டியா?" என்று கேட்டான். கோவிலே சிரித்தது. ஊர்ப் பெரியவர்கள் சடங்கை நிறுத்திக் குழந்தையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் மானம் போயிற்று. அடுத்த லாரியிலேயே ஏறி வா.

உன் கணவன்,
திருத்தொண்டன் செபஸ்தியான்

*

பலேன்கே,
18 ஜனவரி 2009

திருத்தொண்டர் அவர்களுக்கு,

உங்கள் மானம் போனதைப் பக்கம் நிறைய எழுதினீர்கள். நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி இல்லை. நன்றாக இருக்கிறேன்.

சமைக்கத்தான் வந்தேன். வந்த வாரமே, பிழைப்புத் தேடி வடக்கே போகத் தொற்றிக்கொண்ட சரக்கு ரயிலிலிருந்து விழுந்த ஹோண்டுராஸ்காரர் ஒருவரைத் தூக்கிவந்தார்கள். முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. புண்ணைக் கழுவச் சொன்னார்கள். நாற்றம் தாங்காமல் வெளியே ஓடி வாந்தியெடுத்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்ப உள்ளே போனேன். ஏன் போனேன் என்று சொல்லத் தெரியவில்லை. யாரோ என்னைக் கூப்பிட்டதுபோல் இருந்தது. செபஸ்தியான் பெண்டாட்டி என்று இல்லை, பெத்ரோனா என்று.

உங்களை ஊர் கேட்டது, ஆயர் கேட்டார், சம்மதம் என்றீர்கள். என்னை யார் கேட்டது? கையில் மெழுகுவர்த்தியைக் கொடுத்து நில் என்றார்கள், நின்றேன். மகள்களைக் கட்டிக்கொடுக்கும்வரை நின்றேன். இனிமேல் என் வேலை இங்கேதான். வரமாட்டேன்.

பெத்ரோனா

*

யாஷ்விட்ஸ்,
1 பிப்ரவரி 2009

பெத்ரோனாவுக்கு,

கடவுள் உன்னை அழைத்தாராக்கும். அழைப்பு நம் இருவருக்கும் சேர்த்துத்தான் வந்தது. அதைப் பாதியில் போட்டுவிட்டுப் போனவளை அவர் இன்னோர் இடத்திலிருந்து கூப்பிடுவாரா? உனக்கு இருப்பது அழைப்பு இல்லை, பிடிவாதம். கல்யாணமான மறுநாளே நான் கண்டுகொண்ட பிடிவாதம்.

மலைக்கு மேலே படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள் நற்கருணைக்குக் காத்திருக்கிறார்கள். அவர்கள் மனிதர்கள் இல்லையா? சேற்றிலும் மழையிலும் நடந்து அவர்களிடம் போனவன் நான். பாஸ்கா திருநாளுக்குள் நீ வராவிட்டால் என் தோளிலிருந்து திருத்தொண்டன் பட்டையைக் கழற்றிவிடுவார்கள். எனக்கு வேறொன்றும் தெரியாது, பெத்ரோனா. அதைக் கழற்றிவிட்டால் நான் யார்?

உன் கணவன்,
திருத்தொண்டன் செபஸ்தியான்

*

பலேன்கே,
1 மார்ச் 2009

திருத்தொண்டர் அவர்களுக்கு,

நேற்று நம் ஊர் ஜூலியானா வந்தாள். இடுப்பில் ஒரு பெட்டைக்கோழி, முந்தானையில் பச்சிலை, கண் நிறையத் தண்ணீர். நான் அப்போது ஓர் ஆளைக் கட்டிலிலிருந்து தூக்கிக்கொண்டிருந்தேன். வாசலிலேயே நின்றுவிட்டாள். "நீ சாகக் கெடக்கேன்னு சொன்னாரே உன் வீட்டுக்காரர்? நீ என்னடான்னா ஆளத் தூக்கிட்டு நிக்கிற."

எனக்கு ஈரல் வீங்கிவிட்டதாமே. ஊரே எனக்காக நோன்பிருக்கிறதாமே. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அந்தப் பொய்க்காகப் பீடத்துக்கு முன்னால் முழங்காலிட்டு ஜெபமும் நடத்தினீர்களாம். எப்படி மனசு வந்தது? ஊர் சிரித்தால் பட்டை அழுக்காகிவிடும், கடவுளிடம் பொய் சொன்னால் ஆகாதா?

கோழியைக் குழம்பு வைத்து எல்லோரும் சாப்பிட்டோம். ஜூலியானா சாயங்காலம்வரை இருந்து துணி துவைத்துக் கொடுத்தாள். பார்த்ததைப் பார்த்தபடி ஊரில் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

பெத்ரோனா

*

யாஷ்விட்ஸ்,
15 மார்ச் 2009

பெத்ரோனாவுக்கு,

உனக்குத் திருப்திதானே? ஜூலியானா சொல்லிவிட்டாள். பெரியவர்கள் கூடினார்கள். காலையிலிருந்து பொழுது சாயும்வரை என்னை நிற்கவைத்தார்கள். பொய் சொன்னதற்குக் குனிந்து எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன். பட்டையைக் கழற்றிவிடுவார்கள் என்று நினைத்தேன். நடந்ததற்கு அதுகூடப் பரவாயில்லை.

பெரியவர் மார்த்தீன் எழுந்தார். "ரெண்டு பேரையும் சேத்துத்தானே வச்சோம். அதுல ஒருத்தி வேலையப் பாத்துக்கிட்டு இருக்கா. நீ எதுக்கு இங்க நிக்கிற? போயி அவ பக்கத்துல நில்லு." எல்லோரும் ஆமாம் என்றார்கள். இனி உனக்கு நான் பின்பாட்டாம். மலைக்கு மேலே நற்கருணை கொண்டுபோக அடுத்த ஊர்த் தம்பதியை ஏற்பாடு செய்துவிட்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாஸ்கா முடிந்ததும் லாரி ஏறுகிறேன். ஊர் சொல்லிவிட்டது, வருகிறேன். சந்தோஷப்பட்டுக்கொள்.

செபஸ்தியான்

*

பலேன்கே,
22 மார்ச் 2009

செபஸ்தியானுக்கு,

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. உங்கள்மேல் இருந்த கோபம் இப்போது ஊர்மேலும் வருகிறது. ஊர் தள்ளிவிட்டு வருகிற ஆள் இங்கே வேண்டாம். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு மூலையில் நிற்பீர்கள். அப்படி நிற்பது என்னவென்று எனக்குத் தெரியும். அதை உங்களுக்கு நான் செய்யமாட்டேன்.

இங்கே யாரும் உங்களைத் திருத்தொண்டரே என்று கூப்பிடமாட்டார்கள். ராத்திரியில் ஆட்கள் வலியில் கத்துவார்கள், கெட்ட வார்த்தையில் திட்டுவார்கள். தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போகும். சிலர் செத்தும்போவார்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் சொல்ல எனக்கு வார்த்தை வருவதில்லை, உங்களுக்கு வரும்.

உங்களை யாரும் கேட்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நான் கேட்கிறேன். வர உங்களுக்கு மனம் இருக்கிறதா? இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள். அதற்காக நான் உங்கள் மனைவி இல்லை என்று ஆகிவிடாது.

பதிலை எழுதாமல் லாரி ஏறாதீர்கள்.

பெத்ரோனா