நீலக்கல்லும் புதுச்செருப்பும்

மச்சான்,

விழுப்புரத்துக் கண் ஆஸ்பத்திரியில் நேற்று என் வலது கண் கட்டை அவிழ்த்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் உன் தங்கச்சி உட்கார்ந்திருந்தாள். நான் முதலில் பார்த்தது அவள் முகத்தை அல்ல. கட்டில் கம்பியைப் பிடித்திருந்த அவள் கையில் அந்த மோதிரம். அதன் கல் நீலமாக இருந்தது. கல் கடைக்காரர் பொட்டலத்தைப் பிரித்த அன்று இருந்த அதே நீலம். நான் சின்னப் பிள்ளை மாதிரி அழுதுவிட்டேன். கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று நர்ஸம்மா அதட்டினாள்.

இதைச் சொல்ல உன்னைத் தேடினேன். நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். இதுவரை நம் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்திருந்த விஷயம் இனி அவளுக்கும் தெரியும். தெரியட்டும்.

நீ விழுப்புரத்தில் தண்டவாள கேங்கில் இருந்தாய். நான் திண்டிவனத்தில் மல்லாட்டை மில்லில் கடலை மூட்டை தூக்கினேன். கூட்ஸ் வண்டியில் மூட்டை ஏற்ற ஸ்டேஷனுக்கு வருவேன். உங்கள் கேங்க் அங்கே வேலைக்கு வந்தால் இருவரும் ஒரே குழாயில் தண்ணீர் குடிப்போம். அப்படித்தான் சிநேகிதம். உன் அப்பா இல்லாத வீட்டுக்கு நீதான் பெரியவன். ஒருநாள் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, "என் தங்கச்சியக் கட்டிக்கிறியாடா?" என்றாய். நான் அந்த இடத்திலேயே தலையை ஆட்டினேன்.

உன் தங்கச்சி கேட்டது ஒன்றே ஒன்று. நிச்சயத்துக்குச் சிவப்புக்கல் வைத்த மோதிரம். என் அம்மாவின் பழைய கம்மலை உருக்கி மோதிரம் செய்யப் பத்தரிடம் கொடுத்தாயிற்று. கல் மட்டும் பாக்கி. திண்டிவனம் கடைத்தெருவில் அந்தக் கல் கடைக்கு நாம் இருவரும் போனோம். கடைக்காரர் வெள்ளைத் தாளை விரித்து, பொட்டலம் பொட்டலமாகப் பிரித்துக் கொட்டினார். நீ எடுக்கக் கை நீட்டினாய். நான்தான் தடுத்தேன்.

"கட்டிக்கப் போறவன் நான். நானே எடுக்கறேன்."

நல்லா மின்னிய ஒன்றை எடுத்து உன் கையில் வைத்தேன். "இதான் மச்சான். நல்ல செவப்பு."

"தம்பி, அது பச்சைங்க" என்றார் கடைக்காரர்.

"செவப்பு கேட்டா பச்சைன்றீங்க. ஏமாத்தப் பாக்கறீங்களா?"

"நான் எதுக்குங்க ஏமாத்தறேன்? கூட வந்தவரக் கேளுங்க."

நீ முதலில் சிரித்தாய். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பாய். பிறகு என் முகத்தைப் பார்த்தாய். உன் சிரிப்பு நின்றது. கல்லைத் தாளில் வைத்தாய். "அப்புறம் வர்றோங்க" என்று என் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு வந்தாய்.

எதிரே ஒரு அம்மா மிளகாய் விற்றுக்கொண்டிருந்தது. காயும் பழமும் கலந்த குவியல். என்னை அதன் முன்னால் நிறுத்தினாய்.

"பழத்த மட்டும் பொறுக்கு."

எனக்கு உயிர் வந்தது. அது எனக்குத் தெரிந்த வேலை. சின்ன வயதில் மிளகாய்த் தோட்டத்தில் காயும் பழமும் தெரியாமல் பறித்து முதுகு வீங்க அடி வாங்கியவன் நான். அதற்கப்புறம் விரலால் கற்றுக்கொண்டேன். பழம் கொஞ்சம் அமுங்கும், காய் அமுங்காது. ஒன்றைத் தொட்டேன்.

"தொடாம சொல்லு" என்றாய்.

கையை எடுத்தேன். குவியல் முழுக்க ஒரே சேற்று நிறம்.

"வாங்கறதுனா வாங்கு. சும்மா தடவிக்கினு நிக்காத, யாவாரத்த கெடுத்துக்கினு" என்று அந்த அம்மா கத்தியது.

புளியமரத்தடிக்கு என்னை அழைத்துப் போனாய். அடிப்பாய் என்றுதான் நினைத்தேன். நீ தாழ்ந்த குரலில்தான் பேசினாய். "நான் வேலைக்குச் சேரும்போது டாக்டரு கலர் கலரா நூலக் கொட்டி செவப்ப எடு, பச்சைய எடுன்னான். எனக்கு முன்னாடி நின்ன ஆளு மாத்தி மாத்தி எடுத்தான். அன்னிக்கே அனுப்பிட்டாங்க. உன்ன மாதிரிதான் அவனும், தெரியும் தெரியும்னான்." என் பக்கம் திரும்பினாய். "கண்ணு இப்டி இருக்கறது உன் குத்தமில்ல மாப்ள. தெரியாதத தெரியும்னு சொல்ற பாரு, அதான் ஆளக் கொல்லும்."

"மச்சான், அத்தைக்குத் தெரிஞ்சா கல்யாணம் நின்னுடும்."

"அம்மாவுக்கு வேணாம். அவகிட்ட சொல்லு. இன்னிக்கே, நீயே சொல்லு. அவ வேணாம்னா வேணாந்தான். நான் அவ பக்கம்."

உங்கள் ஊர் பிரம்மதேசம் வரைக்கும் சைக்கிளை நான் மிதித்தேன். நீ பின்னால் உட்கார்ந்து வந்தாய். பாதி வழிவரை என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்தேன். அதற்கப்புறம் யோசனையை விட்டேன். அவள் வேண்டாம் என்றால் திரும்பி மில்லுக்குப் போய் மூட்டை தூக்குவது, அவ்வளவுதான். சொல்லாமல் மட்டும் திரும்புவதில்லை.

அவள் கொல்லையில் மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தாள். "தங்கச்சி, இங்க வா. இவரு உங்கிட்ட இன்னாவோ சொல்லணுமாம்" என்று கூப்பிட்டுவிட்டு, கிணற்றங்கரைக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாய். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் தனியாகப் பேசுவது அப்போது நடக்காத காரியம். அதற்கு நீ காவல் இருந்தாய்.

நான் சொன்னேன். ஒரே மூச்சில் எல்லாவற்றையும்.

அவள் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். "இந்தப் பொடவ இன்னா கலரு?"

"தெரியல" என்றேன். என் ஆயுசில் அந்த வார்த்தையை அன்றுதான் முதலில் சொன்னேன். "எனக்கு சேறு மாதிரி இருக்குது."

"நேத்துதான் தோச்சேன்" என்றாள்.

சிரிக்கிறாளா, கோபமா என்று எனக்குப் புரியவில்லை.

"அப்ப எதுதாங்க உங்களுக்குத் தெரியும்?"

அவள் கையில் நாலைந்து கண்ணாடி வளையல். நடுவில் இருந்ததைக் காட்டினேன். "அது நீலம். அது நல்லா தெரியுது."

அந்த வளையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கிணற்றங்கரையில் நீ இரண்டாவது பீடி பற்றவைத்தாய்.

"அப்ப நீலக்கல்லே வாங்கிடுங்க. ஒரு கலராவது ரெண்டு பேருக்கும் ஒண்ணா தெரியட்டும்" என்றாள்.

அத்தை விடுமா? விஷயம் தெரியாமல், "நிச்சயத்துக்கு நீலமா? சனியன் கல்ல ஊரக் கூட்டி வெரல்ல போட்டுக்குவியாடி? செவப்பு செவப்புன்னு பேஜாரு பண்ணவ நீதானே?" என்று குதித்தது. உன் தங்கச்சி, "நீலம்னா மோதிரம். இல்லன்னா மோதிரமே வேணாம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கடைசியில் அத்தை ஒரு வழிக்கு வந்தது. நீலக்கல்லை வாங்கியதும் போடக்கூடாது, மூன்று நாள் உடம்பில் கட்டிப் பார்க்கவேண்டும், கெடுதல் ஒன்றும் நடக்கவில்லை என்றால் வைத்துக்கொள்ளலாம் என்பார்களே, அதைச் செய்யச் சொன்னது.

"நான் கட்டிக்கிறேன்" என்றாய்.

"நீ இரும்புல வேல செய்யறவன்டா. வேணாம்."

"மூணு நாளு இரும்புக்கு நடுவுல தாங்கினா, அப்புறம் எதுக்கும் தாங்கும்மா."

மஞ்சள் துணியில் முடிந்து உன் புஜத்தில் கட்டியது நான். அந்த மூன்று நாளும் மில்லில் எனக்கு வேலை ஓடவில்லை. விழுப்புரம் பக்கத்திலிருந்து கரி எஞ்சின் கூவினாலே மூட்டையை இறக்கிவிட்டு எட்டிப் பார்ப்பேன். நாலாம் நாள் பிரம்மதேசத்தில் உன் வீட்டில் நான் காத்திருந்தேன். நீ வந்தாய். முடிச்சை அவிழ்த்து அம்மா கையில் கல்லை வைத்தாய்.

"பாத்துக்கோ. முழுசா வந்துட்டேன்."

"ஏன்டா நொண்டற?"

"புதுச்செருப்பும்மா. கடிச்சிடுச்சி."

அத்தை கல்லைக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. நான் வாசலை எட்டிப் பார்த்தேன். அங்கே கிடந்தது உன் பழைய டயர் செருப்பு. மச்சான், எனக்குக் கலர்தான் தெரியாது.

வைக்கோல்போருக்குப் பின்னால் உன்னை இழுத்துப்போய்க் காலைக் காட்டச் சொன்னேன். பெருவிரல் நசுங்கி நகம் பெயர்ந்து நின்றது. இரண்டாம் நாளே தண்டவாளக் கட்டை விழுந்திருக்கிறது.

"கல்லு இன்னாடா பண்ணும்? எட்டு பேரு தூக்கற கட்டைய அஞ்சு பேரு தூக்கினோம். ஆளு கொறச்சலு" என்றாய்.

"தெரியாதத தெரியும்னு சொல்லாதன்னு எங்கிட்ட சொல்லிட்டு, நீ மட்டும் பொய் சொல்லலாமா?"

"இது என் வெரலு. இஷ்டத்துக்கு சொல்லிக்குவேன். உன் கண்ணு அப்டியா? அது இனிமே அவளுதும் தான்டா. அத வெச்சி மட்டும் அவகிட்ட பொய் சொல்லாத."

சத்தியம் செய்தேன். அந்த நகம் கடைசிவரை நேராக முளைக்கவில்லை. என் வீட்டுக்கு வந்து நீ சம்மணம் போட்டு உட்காரும்போதெல்லாம் அது என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

சத்தியத்தை நான் காப்பாற்றவில்லை மச்சான். இந்த மடலே அதைச் சொல்லத்தான். கண்ணில் புரை விழுந்து நாலைந்து வருசமாக அந்தக் கல்லும் எனக்குச் சேறுதான். "இன்னும் நீலமா தெரியுதா?" என்று அவள் எப்போதாவது விரலை நீட்டுவாள். "ஜோரா தெரியுது" என்பேன். இருவருக்கும் பொதுவாக இருந்த ஒரே கலர். அதுவும் போய்விட்டது என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஆபரேஷன் என்றாலும் பயம். ஊரில் எல்லோரும் சொன்னார்கள், கேட்கவில்லை.

நீ போன அன்று, உன் கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துத் துணியால் கட்டியது நான். எல்லாம் மங்கலாக இருந்தது. முகம் தெரியவில்லை, விரல் தெரியவில்லை. கையால் தடவித்தான் கட்டினேன். மிளகாய் பொறுக்கிய மாதிரி. அந்தக் கோணல் நகம் என் விரலில் தட்டியது. தொடாமல் சொல் என்று நீ சொன்ன மாதிரி இருந்தது. அங்கேயே முடிவு செய்தேன், கண்ணைக் காட்டிவிடுவது என்று.

நேற்றுச் சாயங்காலம் அவளிடம் சொன்னேன். "நாலஞ்சி வருசமா எனக்கு இந்தக் கல்லு தெரியவே இல்ல. பொய் சொல்லிக்கினு இருந்தேன்."

"தெரியும்" என்றாள். "ஒருநாள் மோதிரத்தக் கழட்டி வெச்சிட்டு வெறும் வெரல நீட்டினேன். அதுக்கும் ஜோரா தெரியுதுன்னீங்க."

நர்ஸம்மா ஓடி வருகிற அளவுக்குச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் மோதிர விரலை என் முகத்துக்கு முன்னால் நீட்டி, என் வலது கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடினாள்.

"இப்ப?"

இடது கண்ணுக்கு இன்னும் ஆபரேஷன் ஆகவில்லை.

"தெரியல" என்றேன்.