வலையை நான்தான் பிடித்தேன்

கீனாய் ஆற்றங்கரை, அலாஸ்கா
ஜூலை 14

என் பிடிவாதக்காரருக்கு,

பக்கவாதத்தில் விழுந்த வலது கையால் நேற்று கரண்டியைப் பிடித்தீர்களாம். நர்ஸ் போனில் சொன்னாள். எனக்கு அது போதும்.

இன்று உங்கள் படகில் மீன்பிடிக்க வரும் பழைய வாடிக்கையாளர் ஹால்வர்சன் வந்தார். படகில் என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"உன் புருஷன் இல்லாம நீயா கூட்டிட்டுப் போற?"

"இறங்கணும்னா இப்பவே இறங்கிடுங்க. நடு ஆத்துல கேட்டா நீந்தித்தான் வரணும்."

முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

எட்டு மணிக்கு அவருடைய தூண்டில் கோல் வளைந்தது. பெரிய சினூக் சால்மன். ஆற்றோடு கீழே பாய்ந்தது. நானும் படகைத் திருப்பிப் பின்னாலேயே போனேன். பாறை வளைவில் எப்போதும் என் கையிலிருந்து சுக்கானைப் பிடுங்கிக்கொள்வீர்களே, இன்று பிடுங்க ஆளில்லை. படகு ஒழுங்காகத்தான் திரும்பியது. முக்கால் மணி நேரம் கழித்து மீனைக் கைவலையில் ஏந்தினேன். அறுபது பவுண்டுக்குக் குறையாது.

ஹால்வர்சன் அதன் வயிற்றைப் பார்த்தார். "முட்டையோட இருக்கும்மா. விட்டுடு." தண்ணீரிலேயே விடுவித்தோம். பிறகு சிரித்தார். "உன் புருஷன் என்னோட மூணு மீனை வலைகிட்ட கொண்டுவந்து நழுவ விட்டிருக்கான், தெரியுமா?"

எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள் சொன்னால்தானே!

அடுத்த ஜூலைக்கும் என்னோடுதான் வருவாராம். நீங்களும் வாருங்கள். முன்னால் உட்கார்ந்துகொண்டு எனக்கு வழி சொல்லலாம். நான் கேட்பேனா என்பது வேறு விஷயம்.

இப்படிக்கு,
உங்கள் படகோட்டி