சாப்பாட்டு மேஜைக்கு அடியில் ஒரு பயிற்சி

ஜூலை 4
இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், அப்பாவைப் பற்றியும்தான். அப்பாவுக்கு மீட்பு வண்டியில் வேலை. தீ, விபத்து எதுவானாலும் போவார். வீட்டில் உப்பு கேட்டாலே தெரு திரும்பிப் பார்க்கும். இப்போது புதுப் பயிற்சி: மனம் கலங்கியவர்களைக் காயமில்லாமல் மீட்பது. நடிப்புத் தேர்வில் அப்பா தேறவில்லை. பயந்து ஒளிந்தவராக நடித்த பெண்ணிடம் "பதறாதீங்க" என்று கத்தினாராம். அந்தப் பெண் நிஜமாகவே பயந்துவிட்டாராம்.

ஜூலை 5
அம்மா சிரித்தாள். என்னால் முடியவில்லை. போன வருடம் கீழ்வீட்டுத் தையல்கார மாமாவுக்குக் காதில் குரல்கள் கேட்டபோது, வேறு வண்டியில் வந்தவர்கள் அவரைத் தரையில் அமுக்கினார்கள். வலது கை முறிந்தது. மாதக்கணக்கில் தைக்கவில்லை. "இனிமே யாரையும் கூப்பிட மாட்டேன்" என்று அத்தை சொல்லிவிட்டார். கூப்பிடாமலே இருந்து ஏதாவது ஆகிவிட்டால்?

ஜூலை 7
மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். நான்தான் மாமா, பேசி வெளியே கூட்டிவர வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னேன்.
"பசிக்குதா? பசிக்கும். வெளிய வா."
கேள்வி கேட்டால் பதில் வரும்வரை பொறுக்க வேண்டாமா என்றேன்.
"தீ பொறுக்குமாடி?"
"நான் தீ இல்லப்பா."


ஜூலை 10
தோல்வி. மேஜைக்கு அடியிலேயே ஒரு நாவலை முடித்துவிட்டேன்.

ஜூலை 13
அப்பா தரையில் உட்கார்ந்தார். கை இரண்டும் மடியில். "நான் இங்கதான் இருக்கேன். தோணும்போது பேசு." அவ்வளவுதான். வாயே திறக்கவில்லை. கடைசியில் எனக்குத்தான் பொறுக்கவில்லை — "கால் மரத்துப்போச்சுப்பா" என்று வெளியே வந்தேன். அம்மா கைதட்டினாள்.

ஜூலை 16
தேறிவிட்டார்!

ஆகஸ்ட் 2
முடிவை முதலில் எழுதிவிடுகிறேன். மாமா தானே நடந்துபோய் வண்டியில் ஏறினார். யாரும் அவரைத் தொடவில்லை. கை பத்திரம்.
மாலையில் மறுபடி குரல்கள் கேட்டு, மாமா தன் தையல் கடைக்குள் தாழ்போட்டுக்கொண்டார். அத்தை மாடியேறி வந்து, "உங்கப்பாதான் வருவாரா?" என்று மட்டும் கேட்டார். நான் அப்பாவுக்குப் போன் செய்தேன். வண்டி சத்தமில்லாமல் வந்தது. மற்றவர்கள் தள்ளி நின்றார்கள். அப்பா கடைப்படியில் உட்கார்ந்தார்.
"அண்ணே, மாடிவீட்டுக்காரன் வந்திருக்கேன். உங்களை யாரும் பிடிக்க மாட்டாங்க. இப்ப எது ரொம்பத் தொந்தரவா இருக்கு?"
அப்பா காத்திருந்தார். நானே பதில் சொல்லிவிடலாமா என்று தோன்றும் அளவுக்குக் காத்திருந்தார். பிறகு ஜன்னல் பக்கமிருந்து மாமாவின் குரல்:
"அந்தச் சிவப்பு வெளிச்சம்… சுவரெல்லாம் ஓடுது."
அப்பா ஓட்டுநரைப் பார்த்துக் கையை மெல்லத் தாழ்த்தினார். வண்டியின் விளக்குகளை அணைத்தார்கள்.